இரண்டு பக்கமும் இழுத்த கார்

நான் இதைக் கற்பனை செய்து எழுதவில்லை. கற்பனை வருமென்றால் கதை எழுதக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போயிருப்பேன். நான் போவது நில அளவை வகுப்புக்கு. வாரத்தில் நான்கு நாள், மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை. பகலில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கும் வேலை.

எங்கள் வகுப்பில் எல்லோரும் நாட்குறிப்பு எழுதவேண்டும். எங்கே நின்றோம், எதை அளந்தோம், மணி என்ன. அழிப்பான் கூடாது. தப்பென்றால் ஒரு கோடு கிழித்துவிட்டுப் பக்கத்தில் எழுதவேண்டும். இந்தக் காரைப் பற்றி நான் எழுதிய பக்கங்களில் கிழித்த கோடுகள் அதிகம். பயத்தில் கிழித்தவை சில. என்மேல் எனக்கே நம்பிக்கை இல்லாமல் கிழித்தவை பல. கிழிக்காமல் விட்டதை மட்டும் இங்கே தருகிறேன். நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். நேரத்தை மட்டும் சந்தேகப்பட வேண்டாம். என் கடிகாரம் இரண்டு நிமிடம் வேகம்; அதைக் கழித்துத்தான் எழுதியிருக்கிறேன்.

கார் வாங்கியது அக்காவுக்காக. அக்காவுக்கு அப்போது எட்டாவது மாதம். மாமாவுக்குக் கப்பலில் வேலை; பிரசவத்துக்கு வந்து சேரமாட்டார். ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல் வலி எடுத்தபோது வாடகை வண்டி வர ஐம்பது நிமிடம் ஆனது. அந்தக் குழந்தை தங்கவில்லை. அதனால்தான் கார். நான் லைசென்ஸ் எடுத்ததும் அதனால்தான்.

பழைய கார் விற்கும் டீலர் நல்ல பேச்சுக்காரர்.

“ஒரே ஓனர்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் எடுத்த வண்டி. கீறல் ஒண்ணு காட்டுங்க, என் மீசையை எடுத்துடறேன்.”

அவருக்கு மீசை இல்லை. அக்கா சிரித்துவிட்டாள். அங்கேயே விலை படிந்துவிட்டது.

முப்பது நாள் வாரண்டி. ஏதாவது குறை என்றால் எழுத்தில் கொண்டுவர வேண்டும். எழுதுவதில்தான் எனக்குக் குறையே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள், மாலை 6:11. வகுப்புக்குப் போகும் வழி. கார் இடது பக்கம் இழுத்தது. லேசாக, சட்டைக் கையைப் பிடித்து இழுப்பதுபோல.

அன்றே, இரவு 8:47. திரும்பும் வழி. அதே சாலை. வலது பக்கம் இழுத்தது.

எனக்குப் புரியவில்லை. சக்கரம் சரியில்லாத வண்டி ஒரு பக்கம் இழுக்கும். போகும்போது இடது, வரும்போது வலது என்று முறை வைத்துக்கொண்டு இழுக்காது. நான்தான் சரியாக ஓட்டவில்லை என்று எழுதினேன். அதைக் கிழித்தேன். மறுபடி எழுதினேன்.

ஆறாம் நாள், பின்னால் ஸ்கூட்டரில் வந்த வகுப்புத் தோழன் சிக்னலில் கண்ணாடியைத் தட்டினான்.

“உன் பிரேக் லைட் எரியல. எப்பவாவது எரியுது, எப்பவாவது இல்ல. உன் அட்டெண்டன்ஸ் மாதிரி.”

பத்தாம் நாள் டீலரிடம் போனேன். அவருடைய மெக்கானிக் வண்டியை ஏற்றி, இறக்கி, சக்கரங்களை அளந்து, பல்புகளைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. டீலர் என் நோட்டைப் புரட்டினார்.

“இங்க இடதுன்னு எழுதியிருக்கீங்க. இங்க வலதுன்னு எழுதியிருக்கீங்க. ஏதாவது ஒண்ணு சொல்லுங்கம்மா.”

“ரெண்டும்தான் சார்.”

“அப்ப ரெண்டும் கழிஞ்சுடுச்சு. வண்டி நேராப் போகுதுன்னு அர்த்தம்.”

மெக்கானிக் சிரித்தார். நான் நோட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழி முழுவதும் காது சுட்டது. வீட்டில் அக்கா கேட்டாள், “அளவுகோல், என்னடி சொன்னாங்க?” அளவுகோல் என்பது அவள் எனக்கு வைத்த பெயர். “பார்க்கறேன்னு சொன்னாங்க” என்றேன்.

இனி நான் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். முட்டாள்தனம் என்று தோன்றினால் தோன்றட்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை 6:20. பெரிய கடை ஒன்றின் காலியான பார்க்கிங். முதல் கியர். ஸ்டியரிங்கை விட்டுவிட்டேன். கார் மெதுவாக ஒரு வளைவு எடுத்தது. பிறகு வளைவதை நிறுத்திவிட்டு நேராகப் போகத் தொடங்கியது.

நிறுத்தினேன். வேறு பக்கம் திருப்பி நிறுத்தி மறுபடி விட்டேன். வளைந்தது. அதே திசைக்கு வந்தது. நேராகப் போனது.

ஐந்து முறை. ஐந்து முறையும் அதே திசை.

காருக்கு இடது, வலது என்று எதுவும் இல்லை. அது ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போது எங்கள் பாடம் நினைவுக்கு வந்தது. தெரிந்த மூன்று இடங்களில் நின்று, தெரியாத ஒரு பொருள் எந்தத் திசையில் இருக்கிறது என்று காம்பஸில் பார்த்து, வரைபடத்தில் மூன்று கோடுகள் இழுத்தால், அவை வெட்டும் புள்ளியில் அந்தப் பொருள் இருக்கும். பார்க்கிங், விளையாட்டு மைதானம், எங்கள் வகுப்பு வளாகம். மூன்று இடத்திலும் திசை பார்த்தேன். கோடு போட்டேன். மூன்றும் மூன்று பக்கம் போயின. எங்கும் சேரவில்லை.

இரண்டு நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது. நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டே காம்பஸ் பார்த்திருக்கிறேன். சுற்றிலும் இரும்பு. முள் எப்படி உண்மை சொல்லும்? முதல் வாரப் பாடமே இதுதான். சாவிக்கொத்தைக்கூடத் தள்ளி வைக்கச் சொல்வார் வாத்தியார்.

மறுபடி மூன்று இடங்களுக்கும் போனேன். இந்த முறை கார் தானே நேரானதும் நிறுத்தி, இறங்கி, இருபது அடி பின்னால் நடந்துபோய், காரின் நீளத்தோடு கண்ணை வைத்துக் காம்பஸில் திசை பார்த்தேன்.

இருபத்தேழாம் நாள், மாலை 7:40. வகுப்பில் கோடுகளைப் போட்டேன். வாத்தியார் என் தோளுக்கு மேலாகக் குனிந்தார்.

“அட. மூணும் ஊசிமுனையில வெட்டுதே. உன் கையாலயா போட்ட?”

“ஆமா சார்.”

“எதை அளந்த?”

புள்ளி விழுந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைவிடப்பட்ட கல்குவாரி. வரைபடத்தில் நீலமாகக் காட்டியிருந்தார்கள். தண்ணீர்.

“தாளில வெட்டினா போதாது. போய்க் காலால மிதிச்சுப் பாரு” என்றார் அவர். எல்லோரிடமும் சொல்வதுதான்.

போனேன். 9:02.

குவாரிக்குக் கதவு இல்லை. ஒரு சங்கிலி மட்டும், அதுவும் தரையில் கிடந்தது. உள்ளே கல்தூள் பரந்த தரை. அதன் முடிவில் செங்குத்தாக இறங்கும் விளிம்பு. கீழே கருப்பாகத் தண்ணீர். விளிம்புக்கு இருபது அடி முன்னால் காரை நிறுத்தினேன். இஞ்சினை அணைக்கவில்லை. ஹெட்லைட்டை அணைத்தேன். கண் பழகட்டும் என்று.

தவளைச் சத்தம்கூட இல்லை.

தரை என் பக்கம் சரிந்திருந்தது. கியர் நியூட்ரலில். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் கார் பின்னால் உருள வேண்டும்.

காலை எடுத்தேன்.

முன்னால் உருண்டது.

பிரேக்கை மிதித்தேன். நின்றது. அப்போதுதான் பார்த்தேன்... எதிர்க்கரைக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு அடியில், இரண்டு சிவப்பு வெளிச்சம்.

காலை எடுத்தேன். அணைந்தது.

மிதித்தேன். எரிந்தது.

எந்த அளவையும் மூன்று முறை எடுக்கவேண்டும். அதுதான் விதி. மூன்றாம் முறையும் மிதித்தேன்.

எரிந்தது.

காலை எடுத்தேன். அணைந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். நோட்டில் மணி எழுதினேன். 9:06.

தலையை நிமிர்த்தினேன்.

என் கால் பிரேக்கில் இல்லை.

வெளிச்சம் எரிந்தது.

ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் டயர்கள் கல்தூளில் அரைபட்டு நகர்ந்தன. கர்ர்... கர்ர்... ஓர் அடி. இன்னோர் அடி.

ஹேண்ட் பிரேக்கை விடுவித்து ரிவர்ஸ் போட்டேன். இஞ்சின் கதறியது. கார் நகரவில்லை.

“நான் வரமாட்டேன்” என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். “எனக்கு வேலை இருக்கு. அக்காவைக் கூட்டிக்கிட்டுப் போகணும். வரமாட்டேன்.”

ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தினேன். ஏதோ ஒன்று விட்டுக்கொடுத்தது. கார் பின்னால் பாய்ந்தது. சங்கிலியைத் தாண்டி, சாலைக்கு வந்து, திருப்பினேன். 9:09.

அன்று இரவு அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. காலையில் அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டு டிங்கர்காரர் ஒருவரைத் தேடிப் போனேன். அடிபட்ட வண்டிகளின் உடம்பைத் தட்டி நிமிர்த்துகிறவர். டீலருக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. அதை இரண்டு பேரிடம் விசாரித்துக்கொண்டுதான் போனேன்.

அவர் கம்பளத்தை உரித்தார். சிறிய சுத்தியலால் தரைத்தகட்டை முன்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங்... டங்... டங்... முன்சீட்டுக்குப் பின்னால் வந்ததும் சத்தம் மாறியது. டப்.

சுரண்டினார். பெயிண்டுக்கு அடியில், இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை, விரல் அகலத்துக்கு ஒரு வெல்டிங் கோடு.

“யார் தலையில கட்டினாங்க இதை?”

“ஏன்ணே?”

“இது ஒரு வண்டி இல்லம்மா. ரெண்டு வண்டி. முன்பாதி ஒண்ணு, பின்பாதி இன்னொண்ணு. பின்னாடி நசுங்கினதை வெட்டிப் போட்டுட்டு, வேற ஒண்ணோட பின்பாதியை ஒட்ட வச்சிருக்கான்.” சுத்தியலைக் கீழே வைத்தார். “வேலை சுத்தம். மனசுதான் அழுக்கு. வேகத்துல பின்னாடி இடிச்சா ரெண்டாப் பிரிஞ்சுடும். யாரை உக்கார வைக்கப் போற?”

வெட்டிய பாதி எங்கே போயிருக்கும் என்று அவரிடம் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

முப்பதாம் நாள், மதியம் 3:15. டீலரின் அலுவலகம். அக்காவும் கூட வந்தாள். வராதே என்றேன், கேட்கவில்லை. வாடகை வண்டியில் வந்து இறங்கினாள்.

டிங்கர்காரர் எடுத்துக்கொடுத்த படங்களை மேசையில் வைத்தேன். டீலர் ஒன்றொன்றாகப் பார்த்தார். இந்த முறை கிண்டல் செய்யவில்லை.

“சரி. வேற வண்டி தர்றேன். அதோ, அந்த வெள்ளை வண்டி. இதைவிட ரெண்டு வருஷம் புதுசு. மேற்கொண்டு எதுவும் வேணாம். இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடுங்க.”

தாளைப் படித்தேன். வண்டியில் எந்தக் குறையும் இல்லை, என் சொந்த விருப்பத்தில் மாற்றிக்கொள்கிறேன் என்று இருந்தது.

“இந்த வண்டியை என்ன செய்வீங்க?”

“அது எங்க கவலைம்மா.”

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண்ணும் அவள் கணவரும் நின்றிருந்தார்கள். அவர்களுடைய இரண்டு குழந்தைகள் என் காரின் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். விற்பனைக்கு நிற்கும் வண்டி என்று நினைத்துவிட்டார்கள்.

அக்கா என் கையைப் பிடித்தாள். “போட்டுடு. மூணு வாரம்தான் இருக்கு எனக்கு.”

“அக்கா, வெளிய பாரு.”

“பார்த்தேன். எனக்கும் கண்ணு இருக்கு. என் வயித்துல இருக்கறதை நான் பார்க்க வேணாமா? போன தடவை வண்டி வர்றவரைக்கும் படிக்கட்டுல நீதானேடி என்னைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்த?”

அது எனக்கு விழுந்த அறை. அவள் சொன்னது நியாயம். நான் எப்போதும் தப்பாகவே முடிவெடுக்கிறவள் என்று என் நோட்டிலேயே எத்தனையோ இடத்தில் எழுதியிருக்கிறேன். பேனாவை எடுத்துவிட்டேன். மூடியையும் கழற்றிவிட்டேன்.

பிறகு மூடினேன்.

“போடமாட்டேன் சார். வண்டியை வாகனச் சோதனை அலுவலகத்துக்கு எடுத்துக்கிட்டுப் போறேன். அஞ்சு மணிவரைக்கும் இருப்பாங்க.”

“வாரண்டி இன்னிக்கோட முடியுது. அப்புறம் உங்களுக்கு இந்த வண்டியும் இல்ல, அந்த வண்டியும் இல்ல.”

“தெரியும்.”

“சின்னப் பொண்ணு, உங்களுக்கு உலகம் தெரியல.”

“அளக்கத் தெரியும் சார்” என்றேன். படங்களை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

வெளியே வந்து குழந்தைகளை இறக்கினேன். அவர்களுடைய அம்மாவிடம், “இது விக்கறதுக்கு இல்லைங்க” என்றேன். அக்கா வாடகை வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

மாலை 4:10. நல்ல வெயில். சோதனை அலுவலகம் ஊரின் அந்தக் கோடியில். குவாரி எனக்கு நேர் பின்னால்.

கார் இடதும் இழுக்கவில்லை. வலதும் இழுக்கவில்லை.

கனத்தது.

மூன்றாம் கியரில் இருபதைத் தாண்டவில்லை. எதையோ கட்டி இழுத்துக்கொண்டு போவதுபோல. பின்னால் ஹாரன் அடித்தார்கள். கண்ணாடியைப் பார்த்தேன்.

என் காரின் பின்சீட் சாம்பல் நிறம்.

கண்ணாடியில் தெரிந்தது நீலம்.

ஈரமாக இருந்தது. ஓரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தேன். சாம்பல். காய்ந்த சீட்.

கண்ணாடியில்... நீலம்.

அந்தக் கண்ணாடி முன்பாதியைச் சேர்ந்தது. அது தன்னுடைய பின்பாதியைக் காட்டிக்கொண்டிருந்தது.

4:24. வேகம் பதினைந்து. கண்ணாடியில் அந்த நீலச் சீட்டின் பெல்ட் தானாக அசைந்தது. யாரோ அதைச் சரிசெய்து மாட்டுவதுபோல.

க்ளிக்.

என் பின்னால் சத்தம் வரவில்லை. கண்ணாடியிலிருந்து வந்தது.

அழுகை வந்தது. அதோடு கோபமும் வந்தது. மூன்று வாரமாக ஒரு மனிதர்கூட நான் சொன்னதை நம்பவில்லை. அக்காவும் போய்விட்டாள். இதுவும் என்னை இழுத்தால் நான் என்னதான் செய்வது?

“கேளுங்க” என்றேன். கண்ணாடியைப் பார்த்துத்தான் பேசினேன். “நான் உங்களை விக்கப் போறதில்ல. யார் தலையிலயும் கட்டப் போறதில்ல. எங்க கிடக்குறீங்கன்னு சொல்லத்தான் போறேன். வழி விடுங்க.”

ஒன்றும் நடக்கவில்லை. பத்து விநாடி. பதினைந்து.

பிறகு கார் லேசானது.

4:31-க்கு நாற்பதில் போய்க்கொண்டிருந்தேன். கண்ணாடியில் சாம்பல் நிறம்.

4:52-க்கு அலுவலகம். அதிகாரி வயதானவர், பொறுமைசாலி. வெல்டிங் கோட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. சாவியை வாங்கிக்கொண்டார். நான் வரைபடத்தையும் நீட்டினேன்.

“மிச்சப் பாதி இங்க இருக்கு சார்.”

“யார் சொன்னா?”

“கோடு போட்டேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். வாங்கி வைத்துக்கொண்டார்.

கார் சாட்சிப் பொருளாகப் பூட்டப்பட்டது. நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். அக்கா நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் தட்டை என் முன்னால் நகர்த்திவைத்து, “சாப்பிடு, அளவுகோல்” என்றாள். பிரசவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே ஆஸ்பத்திரிக்கு எதிரே ஓர் அறை பிடித்தோம். வலி எடுத்தது காலை 5:40-க்கு. சாலையைக் கடக்க மூன்று நிமிடம். நடந்தே போனோம். பெண் குழந்தை. இருவரும் நலம்.

டீலரின் கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. அவரிடம் வேலை பார்த்த வெல்டர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஆறு வருடத்துக்கு முன், லாரி பின்னால் மோதிய ஒரு கார். முன்சீட்டில் இருந்த கணவன் மனைவிக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவர்களும் அடுத்த வருடத்துக்குள் ஒருவர்பின் ஒருவராக இறந்துபோனார்களாம். பின்சீட்டைப் பற்றி அதிகாரி எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. நசுங்கிய பின்பாதியை வெட்டி, லாரியில் கொண்டுபோய், குவாரியின் செங்குத்தான விளிம்பிலிருந்து தள்ளிவிட்டிருக்கிறார்கள். நான் அன்று நின்ற அதே விளிம்பு.

நீரில் மூழ்கித் தேடியவர் போன மாதம் எனக்கு போன் செய்தார். என் நம்பரை வரைபடத்தின் ஓரத்தில் பார்த்திருக்கிறார்.

“நீங்கதானே புள்ளி வச்சது? சரியா இருந்துச்சுங்க. நாங்க அதை நம்பாம முதல் ரெண்டு நாள் விளிம்புக்குக் கீழேயே தேடினோம். தள்ளின இடம் அதுதானே. அங்க விழுந்த பள்ளம் மட்டும்தான் இருந்துச்சு. வண்டி இல்ல.”

“எங்க இருந்துச்சு?”

“எதிர்க்கரையில. பழைய காலத்துல லாரி ஏறி இறங்கற சரிவுப்பாதை ஒண்ணு இருக்கு, தண்ணிக்குள்ள இறங்கிப் போகும். அந்தப் பாதையில. வெட்டின பக்கம் மேட்டைப் பார்த்து. சேத்துல அதோட தடம் இருக்குங்க, பள்ளத்துலேருந்து பாதைவரைக்கும். முந்நூறு அடி. ஒரே நேர்கோடு.”

“தண்ணி இழுத்திருக்குமா?”

“கிணத்துத் தண்ணி மாதிரி நிக்கிற தண்ணி. இஞ்சின் இல்லாத பாதி வண்டி.” குரலைத் தாழ்த்தினார். “பதினாறு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்ட சொல்றேன். சேத்துல எல்லா இடத்துலயும் பாசி மூடியிருந்துச்சு. அந்தத் தடத்துல மட்டும் பாசி இல்ல. ரெண்டு மாசத்துக்குள்ள விழுந்த தடம்.”

நான் அந்தக் காரை வாங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

“மேல வர்றதுக்கு இன்னும் எவ்வளவு இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“ரெண்டாள் ஆழம்” என்றார்.